இரவு 11 மணிக்கு டேஷ்போர்டைப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. சொந்த ஊர் கரூர். இப்போது பெங்களூரில் இருக்கிறேன். ஒரு டிஜிட்டல் விளம்பர ஏஜென்சியில், பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங் (விற்பனை எவ்வளவு வந்தது என்று அளந்து விளம்பரம் ஓட்டும் வேலை) பிரிவில் அசோசியேட் டைரக்டர். ஆறு கிளையன்ட்கள் என் பொறுப்பு. நான்கு பேர் நியூயார்க் பக்கம், இரண்டு பேர் இந்தியா. என் டீமில் ஐந்து பேர். சிடிசி, அதாவது கம்பெனி எனக்காகச் செலவிடும் வருட மொத்தம், 38 லட்சம்; அதில் 5 லட்சம் வேரியபிள், வருடக் கடைசியில் வேலையைப் பொறுத்து வருவது. மாதம் கைக்கு 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. எங்கள் குடும்பத்தில் இப்படியொரு சம்பளத்தை யாரும் வாங்கியதில்லை.

காலை 10 மணிக்கு இந்திய கிளையன்ட்களோடு கால் ஆரம்பிக்கும். இரவு 7:30-க்கு மேல் அமெரிக்கா. ஒரு மணிக்கு முன்னால் படுப்பதில்லை. படுத்த பிறகும் ஒரு தடவை கூகுள் ஆட்ஸ் ஆப்பைத் திறந்து பார்த்தால்தான் தூக்கம் வரும். சனி, ஞாயிறும் லேப்டாப் மூடாது. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். குடியரசு தின சேலுக்காகப் பட்ஜெட்டை மாற்றச் சொல்லி ஒரு கிளையன்ட் மெசேஜ் போட்டார். பானை பொங்கும்போது நான் மொட்டை மாடியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். கூப்பிட வந்த என் நான்கு வயது மகள், காதில் போனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

ஸ்லாக் (ஆபீஸ் மெசேஜ் ஆப்) சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. முன்பெல்லாம் ஒரு கேம்பெயின் நன்றாக ஓடினால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருப்பேன். இப்போது எது ஓடினால் என்ன என்று இருக்கிறது. கணவர் நல்லவர்தான், ஆனால் 'உனக்கு வேலைதான் முக்கியம்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டுக் கடன் இஎம்ஐ 65 ஆயிரம். அப்பா அம்மாவுக்கு மாதம் 20 ஆயிரம் அனுப்புகிறேன். வேலையை விட்டுவிடலாமா? இவ்வளவு சம்பளத்தை விடுவது முட்டாள்தனமா? இந்தத் துறையில் நல்ல சம்பளமும் நிம்மதியும் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காதா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். ஆனால் இப்போது பார்க்கிற மாதிரியே இன்னும் ஆறு மாதம் பார்க்கவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் இன்னும் செய்து பார்க்காத சில காரியங்கள் இருக்கின்றன. அவற்றைச் செய்த பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால் வெளியே வரலாம். அதை எப்படிச் செய்வது என்பதையும் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

கூகுள் ஆட்ஸுக்கு ஆட்வேர்ட்ஸ் என்று பெயர் இருந்த காலத்தில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஏஜென்சியில் இருந்திருக்கிறேன், விளம்பரம் கொடுக்கும் கம்பெனி பக்கமும் இருந்திருக்கிறேன். இப்போது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில். அதனால் பொதுவான அறிவுரையாக இல்லாமல், உங்கள் வேலைக்குள்ளேயே இறங்கிப் பேசுகிறேன்.

முதலில் உடம்பு. ஸ்லாக் சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பதை 'ஸ்ட்ரெஸ்' என்று நீங்களே பெயர் வைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். படபடப்புக்குத் தைராய்டோ ரத்தசோகையோ காரணமாக இருந்தால், என்னுடைய ஆலோசனை எதுவும் அதைச் சரி செய்யாது. நீங்கள் சொல்லும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 70 மணி நேரம் வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம் என்று அதில் சொன்னார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 'இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்' என்று இந்தத் துறையில் எல்லோரும் போடும் கணக்கில் இந்தச் செலவு சேர்வதே இல்லை, அதனால் சொல்கிறேன்.

'எது ஓடினால் என்ன' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி அதுதான். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் 'பர்ன்அவுட்' என்பதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: தீராத சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப் போவது, முன்பு செய்த அளவுக்கு இப்போது செய்ய முடியவில்லை என்ற உணர்வு. அதை ஒரு நோயாக அல்லாமல், வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவாகத்தான் வகைப்படுத்தினார்கள். உங்களுக்கு முதல் இரண்டும் வந்துவிட்டன. ஏதாவது ஓர் இரவில் மனம் ரொம்பவும் கீழே போனால் 14416-ஐக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. காசில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் இரவுகளை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இரவு 9 மணிக்கு மேல் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது, ஒரு வரி போதும். என்னிடம் வருபவர்கள் எல்லோரிடமும் இதைச் செய்யச் சொல்வேன். எழுதிக் கொண்டுவரும் தாளில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப இருக்கும்: 'ரோவாஸ் (விளம்பரச் செலவுக்கு எவ்வளவு விற்பனை வந்தது என்ற விகிதம்) பார்த்தேன். குறைவாக இருந்தது. பட்ஜெட்டைக் கொஞ்சம் குறைத்தேன்.' 'திரும்பப் பார்த்தேன். பரவாயில்லை. திரும்ப ஏற்றினேன்.'

தொழில் தெரிந்தவர் நீங்கள், இருந்தாலும் சொல்கிறேன். கூகுள் ஆட்ஸ் ஒரு கன்வர்ஷனை, அதாவது விளம்பரத்தால் வந்த விற்பனையை, வாங்கிய நாளின் கணக்கில் வைப்பதில்லை. விளம்பரத்தைக் கிளிக் செய்த நாளின் கணக்கில் வைக்கிறது. திங்கள்கிழமை கிளிக் செய்தவர் வியாழக்கிழமை வாங்கினால், அந்த விற்பனை திங்கள்கிழமையில் போய் உட்காரும். அப்படியானால் இன்றைக்குத் தெரியும் இன்றைய எண் எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். செலவு முழுசாக வந்துவிட்டது, வரவு இன்னும் வந்து சேரவில்லை. இரவு 11 மணிக்கு அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவது, உலையில் அரிசி போட்ட உடனே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிற மாதிரி. அமெரிக்க கிளையன்ட் என்றால் இன்னும் மோசம். உங்கள் இரவு 11 மணி, குளிர்காலத்தில் நியூயார்க்கில் மதியம் பன்னிரண்டரை. அவர்களுடைய நாள் பாதிகூட முடிந்திருக்காது.

மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) பக்கம் போனால், ஒரு ஆட் செட் (ஒன்றாக ஓடும் விளம்பரங்களின் தொகுப்பு) யாருக்குக் காட்டுவது என்று கற்றுக்கொள்ளும் 'லேர்னிங்' நிலையைத் தாண்ட ஒரு வாரத்துக்குள் சுமார் 50 கன்வர்ஷன் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆடியன்ஸையோ கிரியேட்டிவையோ (விளம்பரப் படம், வாசகம்) மாற்றினால், பட்ஜெட்டைப் பெரிய அளவில் ஏற்றி இறக்கினால், கணக்கு மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். இரவில் நீங்கள் பதற்றத்தில் தொடும் ஒவ்வொரு தடவையும் கேம்பெயினுக்கு நல்லது நடப்பதாக நினைக்காதீர்கள். உங்கள் தூக்கத்தையும் கெடுத்து, கிளையன்ட் பணத்தில் வாங்கிய கற்றலையும் அழிக்கும் வேலையாகத்தான் அது பல நாள் முடிகிறது.

அப்படியானால் இரவில் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டிய விஷயங்கள் உண்டு. யாராவது பட்ஜெட்டில் ஒரு சைபர் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். லேண்டிங் பேஜ் (கிளிக் செய்தால் போய்ச் சேரும் பக்கம்) திறக்கவில்லை, பேமென்ட் கேட்வே வேலை செய்யவில்லை, ஆனால் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சேல் நாளில் அக்கவுன்ட் சஸ்பெண்ட் ஆகிவிட்டது. விளம்பரத்தில் 4,999 என்று போக வேண்டிய விலை 499 என்று போய்விட்டது. டிராக்கிங் அறுந்து, விற்பனை கணக்கில் ஏறவில்லை. இவை அவசரம். 'நேற்றைவிட சிபிஎம் (ஆயிரம் தடவை விளம்பரம் காட்ட ஆகும் செலவு) கூடிவிட்டது' அவசரம் இல்லை. 'போட்டிக் கம்பெனி புது விளம்பரம் போட்டிருக்கிறது, பார்த்தீர்களா?' என்பது அவசரமே இல்லை.

அந்த அவசரங்களில் பாதிக்கு மேல் ஆள் கண்விழித்துப் பார்க்கத் தேவையில்லாதவை. கூகுள் ஆட்ஸிலும் மெட்டாவிலும் ஆட்டோமேட்டட் ரூல் போடலாம். செலவு இந்த அளவைத் தாண்டினால் நிறுத்து, இத்தனை ரூபாய் செலவாகியும் ஒரு கன்வர்ஷனும் இல்லை என்றால் மெயில் அனுப்பு, இப்படி. கூகுள் ஆட்ஸ் ஸ்கிரிப்டை (தானாக ஓடும் சின்ன நிரல்) மணிக்கு ஒரு தடவை ஓட விடலாம். எல்லா லேண்டிங் பேஜும் திறக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும். மெட்டாவில் அக்கவுன்டுக்கே செலவு உச்சவரம்பு வைக்கலாம். கூகுளில் ஒரு நாள் செலவு சராசரி தினசரி பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம்; மாதம் முழுக்கச் சேர்த்தால், நடுவில் நீங்கள் பட்ஜெட்டைத் தொடாத வரை, 30.4 மடங்கைத் தாண்டாது. அதாவது நீங்கள் தூங்கும்போது நடக்கக்கூடிய மிக மோசமான நஷ்டம் எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு எண் சொல்ல முடியும். ஆறு கிளையன்ட் அக்கவுன்டுக்கும் அந்த எண்ணைக் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். பயத்துக்கு ஓர் உருவம் கிடைத்துவிட்டால் அதோடு பேரம் பேசலாம். இந்த ரூல்களை வைக்க இரண்டு மூன்று நாள் வேலை ஆகும். அதை வேறு எந்த ரிப்போர்ட்டையும்விட முன்னால் செய்யுங்கள்.

பிறகு போனிலிருந்து கூகுள் ஆட்ஸ், மெட்டா இரண்டு ஆப்பையும் எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் இருந்தால் போதும். ரூல் அடித்த மெயில் மட்டும் போனுக்கு வரட்டும். முதல் நான்கைந்து நாள் கை துறுதுறுக்கும், அப்புறம் பழகிவிடும்.

இதெல்லாம் உங்கள் கையில் இருப்பவை. இவற்றால் உங்கள் இரவில் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோ திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மீதி உங்கள் கையில் இல்லை, அதை உங்கள் குறையாக எண்ணிக்கொள்ளவும் கூடாது. உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். காலையில் இந்தியா, இரவில் அமெரிக்கா. இது ஒருவருக்கு அதிக வேலை என்ற விஷயம் மட்டும் இல்லை. இரண்டு ஷிஃப்டை ஒரே ஆள் பார்க்கிறார். மில்லில்கூட இதை அனுமதிக்க மாட்டார்கள். நீங்கள் எவ்வளவு திறமையாக நேரத்தைத் திட்டமிட்டாலும், காலை 10 மணிக்கும் நள்ளிரவு 12 மணிக்கும் ஒரே ஆள் தேவைப்படும் வரை இது சரியாகாது.

அதனால் உங்கள் மேலதிகாரியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இரண்டில் ஒரு பக்கத்தை என்னிடமிருந்து எடுங்கள். எனக்குத் தெரிந்து, பொதுவாக இரண்டு இந்திய அக்கவுன்டை இன்னொருவருக்கு மாற்றுவது சுலபம். மாற்றினால் உங்கள் நாள் மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்து இரவு பத்து மணிக்கு முடியலாம். மகளை நீங்களே பள்ளிக்கு அனுப்பலாம், காலை முழுக்க வீட்டில் இருக்கலாம். மாலை உங்களுக்கு முக்கியம் என்றால் நேர்மாறாகக் கேளுங்கள், அமெரிக்காவை விட்டுவிட்டு இந்தியாவை வைத்துக்கொள்ளுங்கள். எது வேண்டும் என்று முதலில் நீங்கள் முடிவு பண்ணிக்கொண்டு போங்கள். 'ரொம்ப லோடா இருக்கு சார்' என்று மட்டும் போய்ச் சொன்னால், 'எல்லாருக்கும்தான் இருக்கு' என்ற பதில்தான் வரும்.

அமெரிக்காதான் என்று முடிவானாலும் நான்கு கிளையன்டுக்கும் தினமும் கால் தேவையில்லை. செவ்வாய், வியாழன் இரண்டு இரவுகளில் நால்வரையும் அடுத்தடுத்து வையுங்கள். மற்ற நாட்களில் அவர்கள் காலையில் மெயிலைத் திறக்கும்போது உங்கள் ரிப்போர்ட் அங்கே இருக்க வேண்டும்: நேற்றைக்கு முந்தைய வாரம் எப்படி, என்ன மாற்றினோம், ஏன், அடுத்து என்ன. நன்றாக எழுதிய ரிப்போர்ட் கைக்குப் போனால் கிளையன்ட் கால் கேட்பது குறையும். காலின்போது அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, ரிப்போர்ட்டில் பதில் இல்லாத கேள்விகள்தான். கூடவே, மேலே சொன்ன அவசரப் பட்டியலை அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். 'இவை நடந்தால் எந்த நேரமும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், மற்றவற்றுக்கு அடுத்த வேலை நாளில் பதில் வரும்' என்று. பயப்படாதீர்கள். அவசர எண் கொடுக்கிற ஏஜென்சியை கிளையன்ட் கூடுதலாகத்தான் நம்புவார்.

மேலதிகாரி முன்னால் உட்காரும்போது கையில் ஆதாரம் வேண்டும். உங்கள் டைம்ஷீட்டில் தினமும் 8 மணி நேரம் என்று போடுகிறீர்களா? அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஏஜென்சிகளில் 13 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு எட்டு என்று எழுதாதவர்கள் குறைவு. எட்டுக்கு மேல் எழுதினால் திறமை இல்லாதவர் என்று நினைப்பார்களோ என்ற பயம். ஆனால் கிளையன்டுக்குப் போடும் ஸ்கோப்பும் (செய்யும் வேலையின் அளவு), மாதக் கட்டணமும், புது ஆள் எடுக்கும் முடிவும் அந்தத் தாளை வைத்துத்தான் நடக்கின்றன. நீங்கள் எட்டு என்று எழுதும் வரை, கம்பெனியின் கணக்கில் ஆறு அக்கவுன்டும் எட்டு மணி நேரத்தில் முடிகிற வேலை. இன்றிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் டீமில் இருக்கும் ஐந்து பேரையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். நான்கு வாரம் கழித்து, எந்த கிளையன்ட் கொடுக்கும் பணத்துக்கு எத்தனை மணி நேரம் இலவசமாகப் போகிறது என்று ஒரே பக்கத்தில் காட்டுங்கள். 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்பதற்கு இரக்கம் கிடைக்கலாம். 'இந்த கிளையன்டில் நமக்கு நஷ்டம்' என்பதற்கு மீட்டிங் கிடைக்கும்.

இதில் தனி மனிதரின் சாமர்த்தியம் எங்கே முடிகிறது, நிறுவனத்தின் பொறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு இந்தத் துறையே பார்த்த ஒரு வழக்கு உண்டு. ஜப்பானின் மிகப் பெரிய விளம்பர நிறுவனமான டென்ட்சுவில், இணைய விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர் மட்சுரி டகஹாஷி. 24 வயது. 2015 கிறிஸ்துமஸ் அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மாதத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்த்திருந்தார். அளவு மீறிய வேலைதான் காரணம் என்று 2016-ல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. 2017-ல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 5 லட்சம் யென் அபராதம் விதித்தது. அதே நிறுவனத்தில் 1991-ல் இன்னொரு 24 வயது இளைஞர் இதே போல இறந்து, அந்த வழக்கு 2000-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், நிறுவனம்தான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்திருந்தது. அப்படியும் மறுபடி நடந்தது. 2016 அக்டோபரிலிருந்து இரவு 10 மணிக்கு அலுவலக விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்கள். என் கருத்தைக் கேட்டால், அக்கவுன்ட்களின் எண்ணிக்கை குறையாமல் விளக்கை மட்டும் அணைத்தால் லேப்டாப்தான் வீட்டுக்குப் போகும். அதனால்தான் உங்களிடம் தியானம் செய்யுங்கள், காலையில் நடங்கள் என்று ஆரம்பிக்காமல், அக்கவுன்ட்களைக் குறையுங்கள் என்று ஆரம்பிக்கிறேன்.

சட்டம் இப்போதைக்கு உங்களுக்குப் பெரிய துணை இல்லை. வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை பிரான்ஸ் 2017-ல் நடைமுறைப்படுத்தியது, ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2018-ல் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே உங்களுக்கு இருப்பது பேச்சுவார்த்தைதான்.

உங்களுக்குக் கீழே இருக்கும் ஐந்து பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் இரவு 11:40-க்கு 'நாளைக்குப் பார்த்தால் போதும்' என்று போடும் மெசேஜ், அவர்களில் 23 வயதில் இருக்கும் ஒருவருக்கு 'இப்போதே பார்' என்றுதான் கேட்கும். ஸ்லாக்கில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. காலைக்குப் போட்டுவிட்டுப் படுங்கள். உங்களுக்கு மேலே இருப்பவரை மாற்ற நாளாகும். கீழே இருப்பவர்களுக்கு இதை இன்றே செய்யலாம். அவர்களில் ஒருவரை வாரத்துக்கு ஒருவராக முறை வைத்து அவசர எண்ணுக்குப் பொறுப்பாக்குங்கள். உங்கள் முறையும் அதில் ஒன்றாக இருக்கட்டும். முறை பார்த்தவருக்கு அடுத்த வாரம் ஒரு நாள் லீவு கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாரத்தை அவர்கள் தலையில் இறக்கி வைத்த கதையாகிவிடும்.

வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொன்னது உங்களுக்கு வலித்திருக்கிறது. அதில் கொஞ்சம் அநியாயமும் இருக்கிறது. அந்த வேலையில்தானே வீட்டுக் கடனும் கட்டப்படுகிறது. ஆனாலும் இதை அவரோடு வாதமாக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்டை இரண்டு பேருமாகப் பாருங்கள். நான் உங்கள் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். வேரியபிளை விட்டுவிட்டால் வருடத்துக்குச் சுமார் 25 லட்சம் கைக்கு வருகிறது. வாரம் 70 மணி நேரம், வருடம் 48 வாரம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 740 ரூபாய். 28 லட்சம் சிடிசியில், வாரம் 45 மணி நேர வேலை ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேல் வரும் வருமானத்தில்தான் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் போகிறது. சம்பளம் குறையும்போது முதலில் குறைவது அந்தப் பகுதிதான். அதனால் கைக்கு மாதம் 1.7 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். மணிக்கு 940 ரூபாய். சிடிசியில் 10 லட்சம் இறங்கியதாகத் தெரிவது, மாதம் கைக்கு வருவதில் 40 ஆயிரம் ரூபாய் வித்தியாசம்; வருடக் கடைசியில் வேரியபிளும் கொஞ்சம் குறையும். இஎம்ஐயும் ஊருக்கு அனுப்புவதும் போக உங்கள் கையில் 85 ஆயிரம் இருக்கும், கணவர் சம்பளம் தனி.

அந்த 40 ஆயிரம் சின்னத் தொகை என்று நான் சொல்லவே மாட்டேன். கரூரிலிருந்து வந்து முதல் தலைமுறையாக இப்படிச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். நேரம் இல்லாததால் மட்டும் செலவாகிற பணம் எவ்வளவு? இரவுச் சாப்பாடு ஆர்டர், அவசர கேப், மகளுக்குக் குற்ற உணர்ச்சியில் வாங்கும் பொம்மை. நான் பார்த்த வீடுகளில் அதுவே ஒரு நல்ல தொகையாக இருந்திருக்கிறது. பார்த்த பிறகு, 'எனக்கு மாதம் இவ்வளவு வந்தால் போதும்' என்ற எண்ணை நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மேலதிகாரியிடம் போகும்போது அந்த எண் உங்களுக்குத் தெரிந்திருந்தால் குரல் நடுங்காது.

மகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்க முடியாது, அதை அவளும் எதிர்பார்க்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில், போன் வேறு அறையில் இருக்க, ஒரு முக்கால் மணி நேரம் கொடுங்கள். உங்கள் அக்கவுன்ட்களை நீங்கள் எந்தப் பக்கம் மாற்றிக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது காலையாகவோ மாலையாகவோ அமையும்.

நல்ல சம்பளமும் நிம்மதியும் சேர்ந்து கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்கிற இடங்கள் இருக்கின்றன, எல்லா இடத்திலும் இல்லை. ஒரே கம்பெனியின் விளம்பரத்தை உள்ளேயிருந்து பார்க்கும் வேலையில் ஆறு கிளையன்ட் கிடையாது, அது பெரிய நிம்மதி. ஆனால் புதிதாக ஆரம்பித்த டி2சி (நேராக வாடிக்கையாளருக்கு விற்கும்) கம்பெனி என்றால், நிறுவனரே நள்ளிரவில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பும் ஆபத்து உண்டு. பெரிய இணைய விற்பனைக் கம்பெனி என்றால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் வீட்டை மறந்துவிட வேண்டும். மற்ற மாதங்கள் சுமாராக இருக்கும். வங்கி, காப்பீடு, மருந்துக் கம்பெனிகளின் மார்க்கெட்டிங் பிரிவுகள் மெதுவாக நடக்கும், சம்பளம் மோசமில்லை. விளம்பரத் தளங்களிலேயே வேலை கிடைத்தால் சம்பளம் நன்றாக இருக்கும். அங்கே காலாண்டு டார்கெட் என்ற வேறு அழுத்தம். அளவீடு, அனலிடிக்ஸ் பக்கம் போனவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அந்த வேலையில் இரவு ஒரு மணிக்கு எதுவும் எரிவதில்லை. ஃப்ரீலான்ஸ் உங்களுக்கு இப்போது வேண்டாம். 65 ஆயிரம் இஎம்ஐ இருக்கும்போது எந்த கிளையன்டுக்கும் 'முடியாது' என்று சொல்ல வாய் வராது.

எங்கே இன்டர்வியூ போனாலும் 'வொர்க் லைஃப் பேலன்ஸ் எப்படி?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'டீமில் கடைசியாக யார் ஞாயிற்றுக்கிழமை லாகின் செய்தார்கள், எதற்காக?' என்று கேளுங்கள். 'இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எங்கே போனார்?' என்று கேளுங்கள். முடிந்தால் டீமில் ஜூனியராக இருக்கும் ஒருவரோடு பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினார்கள் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ரூல்களும் டைம்ஷீட்டும். மார்ச் முதல் வாரம் மேலதிகாரியோடு பேச்சு. அப்ரைசல் முடிவுகள் எழுதப்படுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும். இரண்டு அக்கவுன்டை எந்தத் தேதிக்குள் மாற்றுவார்கள் என்று கேட்டு, பேசியதை அன்றே மெயிலில் போட்டு வையுங்கள். அந்தத் தேதி தாண்டி ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ரெஸ்யூமேயை வெளியே அனுப்ப ஆரம்பியுங்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று ஆஃபர் லெட்டரை எடுத்து இப்போதே பாருங்கள். 90 நாள் என்றால் புதுக் கம்பெனியிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ராஜினாமா கொடுத்தவருக்கு வேரியபிள் கிடையாது என்ற விதி பல கம்பெனிகளில் இருக்கிறது. 5 லட்சம் உங்கள் உழைப்பு. அது கணக்கில் ஏறிய பிறகு, புது ஆஃபர் கையில் வந்த பிறகு, கடிதம் கொடுங்கள்.

இந்த வரிசையை நீங்கள் மீறலாம் என்று நான் சொல்லும் இடம் ஒன்றே ஒன்று. மருத்துவர் ஓய்வு தேவை என்று சொன்னால் வேரியபிளையும் ஆஃபரையும் பார்க்காதீர்கள். அவரிடம் சான்றிதழ் வாங்கி, முதலில் மெடிக்கல் லீவு போடுங்கள். ராஜினாமாவைப் பற்றி லீவில் இருக்கும்போது முடிவு செய்யலாம். டாக்டரைப் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.